பிடரியில் ஒரு கை

இல்லை, அழவில்லை. செய்தி வந்தபோது கை தானாகப் பின்னால் போனது. கூந்தலுக்கு அடியில், பிடரியில். தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அலுவலகத் தொலைபேசி. பிலோமினாவின் அண்ணன் மருத்துவமனையிலிருந்து பேசினார். "பிலோ போயிட்டா. அம்மா உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க." அவ்வளவுதான். அம்மா சொல்லச் சொன்னார் என்பதையே நினைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிலோமினா ஒரு நூலகத்தில் உதவியாளராக இருந்தார். சனிக்கிழமைப் பிற்பகல்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொன்னார். முப்பது வயதை அவர் தொடவில்லை. அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர் ஒரு சூனியக்காரி. நான் பழித்து எழுதுவதாக நினைக்க வேண்டாம். கேட்டால் அவரே அப்படித்தான் சொல்வார்.

அவரை 'அவர்' என்று எழுதுவது எனக்கு இதுவே முதல் தடவை. படித்தால் சிரிப்பார். "யாருடி அந்த அம்மா?" என்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி. தமிழ் வகுப்பில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். பிலோமினா மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவார். ஒரு நாள் பாடம் நடக்கும்போதே எழுந்தார். ஆசிரியையிடம் எதுவும் கேட்கவில்லை. என் பெஞ்சுக்கு வந்து, "தள்ளு" என்றார். தள்ளி உட்கார்ந்தேன். ஆசிரியை அதட்ட வாய் திறந்தார். மின்விசிறி விழுந்தது. பிலோமினா எழுந்து வந்த இடத்தில், பெஞ்சுப் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"சத்தம் மாறிச்சு. அதான் எழுந்தேன்" என்றார் பிலோமினா.

"எங்களுக்கு ஏன்டி கேக்கல?" என்று வகுப்புத் தோழி நூர் கேட்டார்.

மறுநாள் கரும்பலகையில் யாரோ 'சூனியக்காரி பிலோ' என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர் அதை அழிக்கவில்லை. பக்கத்தில் போய்த் தன் கையெழுத்தைப் போட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் மூவர். பிலோமினா, நூர், நான். நூரின் தந்தை தமிழ் முஸ்லிம், தாய் மலாய்க்காரர்; அம்மாவை 'மக்' என்பார். ஆணிக் கதை அவர் கொண்டுவந்தது.

அப்போது பிலோமினாவின் வீடு சிராங்கூன் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்தது. தகரக் கூரை. பின்னால் வாழைக் கூட்டம். அதைப் பார்த்ததுமே நூர் நின்றுவிட்டார். "எங்க மக் சொல்லுவாங்க, வாழையிலதான் பொந்தியானா இருப்பாளாம். பெண் பேய். அவ வந்தா கல்லறையில பூக்குமே, கம்போஜா, அந்த வாசனை அடிக்கும்."

"அப்புறம்?"

"எவனாச்சும் தைரியசாலி அவ பிடரியில ஆணி அடிச்சுட்டா, அழகான பொண்ணா மாறிடுவா. அவன் கட்டிக்கலாம். சமைப்பா, புள்ள பெத்துப்பா. ஆணிய எடுத்தா பறந்துடுவா."

பிலோமினா வாழை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிக்கறப்ப அவகிட்ட கேட்டாங்களா?"

"பேய்கிட்ட யாருடி கேப்பாங்க?"

நூரும் நானும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நூரின் சடையை விலக்கிப் பிடரியில் கை வைத்தார். "உனக்கு இல்ல." பிறகு என் பிடரியில். உள்ளங்கை சூடாக இருந்தது. "உனக்கும் இல்ல." பிறகு குனிந்து தன் கழுத்தைக் காட்டினார். "எனக்குப் பாருங்க."

இல்லை.

அதுவே எங்கள் வணக்கம் ஆனது. பள்ளி வாசலில், பேருந்து நிறுத்தத்தில், நூரின் வீட்டுப் பெருநாள் விருந்தில். கை வைத்துப் பார்ப்போம். இல்லை என்போம். பார்ப்பவர்கள் பேன் பார்ப்பதாக நினைத்தார்கள்.

கம்பத்தை இடித்தார்கள். வாழைகள் போயின. பிலோமினாவின் குடும்பத்துக்கு அடுக்குமாடியில் ஏழாம் மாடி கிடைத்தது. லிஃப்ட் ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும். ஏழில் நிற்காது. ஆன்ட்டி, அதாவது அவருடைய அம்மா, அரிசி தூக்கிக்கொண்டு படியேறும்போதெல்லாம் வீடமைப்புக்காரர்களைத் திட்டுவார். பிலோமினாவுக்கு அது கதையாயிற்று.

லிஃப்ட் நிற்காத மாடி ஒன்று உண்டு. பொத்தானிலும் அந்த எண் இருக்காது. அங்கே ஆணி அடிக்கப்படாத பெண்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பதினான்கு, பதினைந்து வயது. ஒருத்தி காற்றைக் கொடியில் காயப்போடுவாள். ஒருத்தி பையன் போல முடி வெட்டியிருப்பாள். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் பெயரை மெதுவாகச் சொன்னால் இருவருடைய கால்களும் தரையைவிட்டு எழும்பும். அந்த மாடிக்குப் படி வழியாகத்தான் போக முடியும். வரிசையாக, கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் போகிறவளின் பிடரியில் கை வைத்து.

அவர் இதை எழுதவே இல்லை. சொல்லிக்கொண்டே போனார். பாதிப் பகுதி நாங்கள் சேர்த்தது.

ஒரு நாள் ஏறிப் பார்த்தோம். அந்தி. கீழே மலாய்த் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் நேரம். ஐந்தாம் மாடிக்கு மேல் படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. முன்னால் பிலோமினா. நடுவில் நூர். கடைசியில் நான். கண்ணை மூடினோம். படிகளில் பழைய நீரின் வாடை. திருப்பத்தில் கால் வைத்தேன்.

என் பிடரியில் ஒரு கை.

சிறிய கை. குளிர்ந்து, ஈரமில்லாமல் இருந்தது. அழுத்தவில்லை. நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் வைப்பது போலவே வைத்திருந்தது. நான் திரும்பவில்லை. ஏறினேன். அதுவும் ஏறியது.

மேலே போய்ச் சொன்னேன். நூர் கத்திக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார். "நான் வீட்டுக்குப் போறேன், நான் இனிமே வரவே மாட்டேன் லா!"

பிலோமினா கேட்டார்: "பயந்தியா?"

"இல்ல."

"அப்ப நம்ம ஆளுதான். வரப்போறவ."

சொல்லிவிட்டுப் பைக்குள் வீட்டுச் சாவியைத் தேடினார். சாவி கிடைத்த பிறகும் கதவைத் திறக்கவில்லை. என் பிடரியில், அந்தக் கை இருந்த இடத்தில், தன் கையை வைத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டியதில்லை. அதன் பிறகு எனக்கு வேறு எவரும் இருந்ததில்லை. அவருக்கும்.

நூர் பத்தொன்பதில் திருமணம் செய்துகொண்டார். மேடையில் கொண்டையோடு உட்கார்ந்திருந்தார். வாழ்த்தப் போன பிலோமினா வழக்கம்போல் பின்னால் கை வைத்தார். முகம் மாறியது. "என்னடி இது, ஒண்ணு இல்ல, ஆயிரம் குத்தியிருக்கு!"

"கொண்டை ஊசிடி. எடுத்துத் தொலைச்சிடாத. சாப்பாடு முடியட்டும்."

பிறகு நூர் அவர் காதில் சொன்னார்: "எல்லாம் நானேதான் குத்திக்கிட்டேன் லா. பயப்படாத." நூர் இப்போது ஜொகூரில் நன்றாக இருக்கிறார். பிலோமினா அதன் பிறகு கதையை மாற்றினார். தானே ஆணி வைத்துக்கொண்டவளும் அந்த மாடிக்கு விருந்தாளியாக வரலாம்.

அவருக்கும் வரன்கள் வந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வளாகத்திலேயே ஆன்ட்டி ஆட்களை அறிமுகம் செய்துவைப்பார். பிலோமினா மரியாதையாகப் பேசுவார், பிறகு மறுப்பார். ஆன்ட்டி அழுவார். கடைசியில் நாங்கள் புக்கிட் பாத்தோக்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்கார அம்மா கேட்டார்: "அக்கா தங்கச்சியா?"

"இல்லீங்க. சூனியக்காரிங்க."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

நூலகத்தில் அவர் முதலில் முயல் கதை, நரிக் கதைதான் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை லிஃப்ட் நிற்காத மாடியைத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகள் மெல்லக் குறைந்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாது. முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் எப்போதும் கடைசி அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பாள், உட்கார மாட்டாள். கதை முடிந்ததும் அவர்கள் ஒருவர் பிடரியை ஒருவர் தொட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பு இருக்காது. மருந்து கொடுப்பது போல.

ஒரு தந்தை புகார் சொன்னார். மேலதிகாரி கூப்பிட்டு, கதையை ஒரு கல்யாணத்தோடு முடித்துவிடுங்களேன் என்றார்.

"யாருக்கும் யாருக்கும் சார்?" என்று கேட்டாராம் பிலோமினா.

பிறகு இரத்தத்தில் நோய். மருந்தில் முடி கொட்டியது. "இப்ப எவளும் எதையும் ஒளிச்சு வைக்க முடியாது" என்று மொட்டைக் கழுத்தைத் தடவிக் காட்டினார். கடைசி வாரத்தில், பார்வையாளர் நேரம் முடிந்து நான் எழுந்தபோது கையைப் பிடித்தார்.

"அம்மா எனக்குக் கல்யாண உடுப்புதான் போடுவாங்க. எங்க வீட்ல கல்யாணம் ஆகாம செத்தா அப்படித்தான். வெள்ளை கவுன், தலையில நெட்டு. போடட்டும், பாவம். நீ பெட்டிய மூடறதுக்கு முன்னாடி பின்னால பாரு. அது மட்டும் பாரு."

"ஆன்ட்டி முன்னாடியா?"

"எல்லார் முன்னாடியும்."

சரி என்றேன்.

ஆன்ட்டி குடியிருந்த அதே அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவரை வைத்திருந்தார்கள். நாற்காலிகள், மெழுகுவத்திகள், ஜெபமாலை. நான் தோழி. வருபவர்களிடம் அண்ணன் அப்படித்தான் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை கவுன். தலையில் பூ முடி. அதிலிருந்து தோள்வரை தொங்கும் வலைத்துணி, நெட். எங்கோ கம்போஜா வாசனை. மலர்வளையங்களில் தேடினேன். அந்தப் பூ இல்லை.

பிற்பகலில் மூட வந்தார்கள். எழுந்து நடந்தேன். நாற்காலிகளுக்கு நடுவே அவ்வளவு தூரமா என்று இருந்தது. நெட்டை விலக்காமல் அடியில் கைவிட்டேன். குளிர்ச்சி எதிர்பார்த்ததுதான். அதன் நடுவே ஒரு முத்து. முத்துக்குக் கீழே கம்பி.

முடி இல்லாத தலையில் நெட் நிற்கவில்லை. அதனால் பின்னால் தோலிலேயே ஊசி குத்தியிருக்கிறார்கள்.

"என்ன செய்யுது அந்தப் பொண்ணு?" என்றது ஒரு குரல். அண்ணன் பக்கத்தில் வந்தார். "சித்ரா, போதும். வா."

"இத எடுக்கணும்."

"எடுத்தா நெட்டு விழுந்துடும் லா."

"விழட்டும் அண்ணே."

ஜெபம் நின்றுவிட்டது. ஆன்ட்டி எழுந்து வந்தார். என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். "அது என் கல்யாண ஊசி."

"எனக்குத் தெரியாது ஆன்ட்டி. பிலோ பாக்கச் சொன்னா."

"அந்த ஆணிக் கதையா?"

நான் அவரைப் பார்த்தேன்.

"ஒரே வீட்லதான இருந்தேன். எனக்கும் காது இருக்கு." அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, "எடு" என்றார்.

இழுத்தேன். சுலபமாக வந்தது. நெட் சரிந்தது, பூ முடியும் கூடவே. மொட்டைத் தலை. மின்விசிறிக்குக் கீழிருந்து எழுந்து வந்த அதே முகம், எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல.

ஊசியை ஆன்ட்டியிடம் கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை. என் பக்கம் முதுகைக் காட்டித் தலையைக் குனிந்தார்.

"எனக்கு இருக்கா, பாரு."

கை வைத்தேன். வியர்வை. நரைமுடி. கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. தாலிச் சங்கிலியின் கொக்கி.

"கொக்கிதான் ஆன்ட்டி."

"கொக்கியா" என்றார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். போய் வா, பிலோ. இந்த ஒரு வரியில் 'அவர்' வேண்டாம்.

உறவினர்கள் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் பள்ளிச் சீருடையில் பெண்கள் நின்றார்கள். நூலகத்துப் பெண்கள். எப்போது வந்தார்களோ. கீழ்ப்படியிலிருந்து மேலே இருட்டுத் திருப்பம்வரை வரிசை, முகம் எங்கள் பக்கம். கண்கள் மூடியிருந்தன. ஒவ்வொருத்தியின் கையும் முன்னால் நிற்பவளின் பிடரியில். கடைசியில், திருப்பத்தில், ஒட்ட முடி வெட்டிய அந்தப் பெண்.

அவள் தோள் சட்டென்று அசைந்தது. கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தாள். சுவர்தான் இருந்தது. பிறகு கீழே நின்ற என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எனக்குப் பின்னால யாராச்சும் நின்னாங்களா?"

"பயந்தியா?"

யோசித்தாள். "இல்ல."

அண்ணன் பேருந்திலிருந்து கூப்பிட்டார். ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினேன். படியேறிப் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன்.