அக்கா கடைந்த கடிகாரம்

என் அக்காவிடம் "முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அன்றோடு உங்கள் நிம்மதி போச்சு. பம்ப் செய்கிற பட்டறையில் பதினொரு வருஷம் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவள். இரும்பை விரலால் தடவியே ஒரு தலைமுடி கூடுதலா குறைவா என்று சொல்வாள். பட்டறையை மூடியபோது அந்தப் பழைய இயந்திரத்தைக் கேட்டு வாங்கி வந்து படுக்கையறையில் போட்டாள். "கட்டில எங்க போடறது?" என்று கேட்டார் மாமா. பஸ் ஓட்டுகிற மனிதர், அதற்குமேல் வாய் திறக்க மாட்டார். கட்டில் இன்றைக்கும் கூடத்தில்தான் கிடக்கிறது.

கடிகாரப் பைத்தியம் அவளைப் பிடித்தது பல் டாக்டரிடம் காத்திருந்தபோது. ஏதோ பழைய பத்திரிகையில், அந்தக் காலத்தில் கடலுக்குள் இறங்கியவர்கள் கட்டிய கைக்கடிகாரத்தின் படம் ஒரு பக்கம் முழுக்க இருந்ததாம். பல்வலியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு போன்.

"இதுல ஒரு பொருள்கூட அழகுக்குன்னு வைக்கலடா. ஆனா எவ்வளவு அழகா இருக்கு. நான் இதச் செய்யப் போறேன்."

"கடையில கிடைக்கும்க்கா."

"கிடைக்கும். நான் செய்யப் போறேன்."

மூன்று வருஷம் ஆனது. உள்ளே ஓடுகிற இயந்திரத்தை மட்டும் வெளியே வாங்கினாள், மற்றதெல்லாம் அவள் கைவேலை. வீணாய்ப்போன ஏழு கடிகாரக் கூடுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. எட்டாவதை என் கையில் கொடுத்தபோது, கேலி செய்ய வந்ததையே மறந்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

நான் கப்பல்களுக்கு அடியில் வேலை பார்க்கிறவன். முதுகில் காற்றுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கி பாசி சுரண்டுவோம், ஓட்டை அடைப்போம். அதனால் அதன் அருமை எனக்குத் தெரிந்தது. நிமிஷ முள் தடி, மணி முள் ஒல்லி. தண்ணீருக்குள் இருப்பவனுக்கு மணி எதற்கு, நிமிஷம்தான் உயிர். முகப்பைச் சுற்றி ஒரு வளையம், திருப்பினால் டக் டக்கென்று ஒரே பக்கமாக மட்டும் போகும். இறங்கும்போது அதன் புள்ளியை நிமிஷ முள்ளுக்கு நேரே வைத்துக்கொண்டால், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தவுடனே தெரியும். எங்காவது இடித்து வளையம் நகர்ந்தாலும் கூடுதல் நேரம் ஆனதாகத்தான் காட்டும், நாமும் சீக்கிரம் மேலே வந்துவிடுவோம். எதிர்ப்பக்கம் நகர்கிற மாதிரி இருந்தால் ஆள் காலி. கண்ணாடி நடுவில் லேசாகக் குவிந்திருந்தது. எண்களில் பளிச்சென்ற வெள்ளை கிடையாது, பழைய காகிதத்தின் நிறம். கூட்டின் மேல்புறம் மெல்லிய கோடுகள் ஓட, பக்கங்களில் முகம் பார்க்கலாம்.

"புதுசா செஞ்சிட்டு எதுக்குக்கா பழசு மாதிரி?"

"அவங்களுக்கு அப்போ வேற கருவி கிடையாது. இது நின்னா ஆளே போச்சு. அந்த பயத்தோட செஞ்சிருக்காங்க. எனக்கும் அந்த பயம் வேணும்னுதான் அதே மாதிரி செஞ்சேன்." பிறகு என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். "அலமாரியில வைக்கறதுக்கு இல்ல. இது தண்ணிக்குள்ள போகணும்."

அதற்கும் வழி வந்தது. எங்கள் குழுவில் பதினெட்டு பேர், எல்லோர் கையிலும் ஆழமும் நேரமும் காட்டுகிற மின்கருவி உண்டு. ஒருவனுக்கு அது ஆழத்தில் செத்துப்போனதிலிருந்து, துணைக்கு ஒரு கடிகாரமும் வேண்டும் என்று சூப்பர்வைசர் தேடிக்கொண்டிருந்தார். அக்காவுடையதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கட்டிட்டு ஒரு தடவை இறங்கு. தண்ணி புகாம வந்தா பதினெட்டும் உங்க அக்காவே செய்யட்டும்" என்றார்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படகில் வைத்து, கடிகாரத்தின் பக்கத்துக் குமிழை இழுத்து நேரத்தைச் சரிசெய்தேன். பிறகு தண்ணீர் புகாமல் இருக்க அதை உள்ளே தள்ளி நாலு சுற்று திருக வேண்டும். தள்ளினேன். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், திருகவில்லை. வேலை முடிந்து ஏணியைப் பிடித்தபோது பார்த்தால் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருக்கிறது, குமிழ் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் பார்க்காமல் திருகிவிட்டுத்தான் மேலே ஏறினேன்.

ஏன் என்கிறீர்களா? எங்கள் வேலையில் ஒரு படியை மறந்தவனை இறக்க மாட்டார்கள். எத்தனையோ வருஷமாக என்மேல் ஒரு குறை கிடையாது. அந்தப் பேருக்காக, "தண்ணி புகுந்துடுச்சு சார்" என்றேன். பச்சைத் துரோகம்.

அக்கா நேரே அவரிடம் போய் நின்று பத்து நாள் தவணை வாங்கினாள். வந்ததும் என்னிடம் ஒரே கேள்வி.

"திருகினதானே?"

"திருகினேன்க்கா."

அவ்வளவுதான், அதற்குமேல் கேட்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தாள். ரப்பர் வாஷர்களைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பழைய வாஷரோடும் புது வாஷரோடும், ஆழத்தின் அழுத்தத்தைக் கொடுத்துச் சோதிக்கிற தொட்டியில் இறக்கினாள். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. "தொட்டியில புகல, கடல்ல புகுதுன்னா என்னடா அர்த்தம்?" என்றாள். நான் கீழே விழுந்த வாஷரைப் பொறுக்கிக் கொடுத்தேன். கடைந்த விளிம்பை விரலால் தடவித் தடவி நகக்கண் சிவந்துபோயிருந்தது. மாமாகூட வாய் திறந்து, "விட்டுடேன்" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் போனபோது கூட்டை இயந்திரத்தில் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"குவிஞ்ச கண்ணாடிதான் காரணமா இருக்கணும். வேற எதுவும் மிச்சமில்ல. விளிம்ப வெட்டிட்டுத் தட்டையா ஒரு தடிக் கண்ணாடி போடறேன். அசிங்கமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், தண்ணி புகக்கூடாது."

மூன்று வருஷத்து வேலை. வெட்டினால் அந்தக் கூட்டைத் திரும்ப ஒட்டவா முடியும்? அவள் கை விசைக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் திருகலக்கா. பொய் சொல்லிட்டேன்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"ரப்பர சந்தேகப்பட்டேன். கண்ணாடிய சந்தேகப்பட்டேன். என் கையவே சந்தேகப்பட்டேன். உன்ன மட்டும்டா சந்தேகப்படல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் அவள் கண்டுகொள்ளவில்லை. கூட்டைக் கழற்றித் துணியால் துடைத்து வைத்தாள். "காலைல நீயே வந்து அவர்கிட்ட சொல்ற. நான் பக்கத்துல நிப்பேன்."

மறுநாள் மொத்தக் குழுவுக்கும் முன்னால் உண்மையைச் சொன்னேன். "ஒரு வருஷம் நீ தண்ணில இறங்க வேண்டாம். மேல நின்னு கயிறு பிடி" என்றார் சூப்பர்வைசர். பிறகு அக்காவைப் பார்த்து, "கடிகாரம் சரியாத்தாம்மா இருக்கு. பதினெட்டும் செஞ்சு குடுங்க" என்றார்.

நான்கூட மூச்சு விட்டேன். அவள் விடுவாளா?

"சரியில்ல சார். இவன் எத்தனை வருஷமா இறங்கறான்! இவனே மறந்தா யார் வேணா மறப்பாங்க. மறக்கறவனுக்கும் சேர்த்து நான் யோசிக்கல. அது என் தப்பு. அதச் சரி பண்ணாம ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

ஒரு வாரத்தில் சரி பண்ணினாள். குமிழ் வந்து உட்காரும் சின்னக் குழாயில் மெல்லிய பள்ளம் வெட்டி, சிவப்புச் சாயம் நிரப்பினாள். திருகாமல் விட்டால் சிவப்பு பளிச்சென்று தெரியும், திருகினால் மறைந்துவிடும். வழி தெரிந்த கைக்கு வேகம் வந்துவிட்டது, பத்து மாசத்துக்குள் பதினெட்டும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றோடும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "சிவப்புக் கோட்டின் பெயர் தம்பி. தம்பி கண்ணில் பட்டால் இறங்க வேண்டாம்."

பயல்களுக்குக் கொண்டாட்டம். இறங்கும் முன் ஒவ்வொருவனும் என் முன்னால் வந்து மணிக்கட்டை நீட்டி, "தம்பி தெரியல" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நான் குனிந்து பார்த்துவிட்டு, "இறங்கு" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் பதினேழு தடவை சொன்னேன். மானம் போகத்தான் செய்தது. ஆனால் ஒருவன் மணிக்கட்டைக்கூடப் பார்க்காமல் விடவில்லை.