செத்ததாகச் சொன்ன முப்பது ஃபூசியாவைத் தேடி ஜமுனாமரத்தூருக்கு

ஆடி இரண்டாவது ஞாயிறு ஜவ்வாது மலைக்கு நான் போனது அருவி பார்க்க அல்ல, சண்டை போட. வாணியம்பாடியில் செடியும் தொட்டியும் விற்கிறேன். தள்ளுவண்டியில் ரோஜாப் பதியன் வைத்து ஆரம்பித்த பிழைப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என் செடியைச் செத்த செடி என்று சொன்னதில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் சொல்லிவிட்டார். அதுவும் என்னிடம் அல்ல, மலை விடுதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில். "பாய் குடுத்த முப்பது ஃபூசியாவும் பட்டுப்போச்சு, யாரும் ஏமாறாதீங்க." செடி கேட்டிருந்த இரண்டு பேர் மறுநாளே வேண்டாம் என்றார்கள்.

ஃபூசியா தெரியாதவர்களுக்கு: ஊட்டி வீடுகளில் ஜிமிக்கி மாதிரித் தலைகீழாகத் தொங்குமே, சிவப்பும் ஊதாவுமாக, அதுதான். நான் கொடுத்தது கெட்டியான வகை. மேலே காய்ந்தாலும் வேர் உயிரோடு இருந்தால் அடியிலிருந்து துளிர்க்கும். மார்கழியில் நானே கொண்டுபோய் இறக்கினேன். தொட்டி அவருடையது.

காலை 6.10க்கு ஸ்கூட்டரை எடுத்தேன். ஆலங்காயத்தில் இட்லி, வடை, டீ 65 ரூபாய். பெட்ரோலும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், மேலே நம்ப முடியாது. காவலூர் தாண்டியதும் சாலையில் ஈரம், வளைவுகளில் மெதுவாகத்தான் போக முடிந்தது. 8.20க்கு விடுதி. என் மீட்டரில் 47 கிலோமீட்டர். வழியெல்லாம் என்ன திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே போனதில் காட்சி ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

மொட்டை மாடியில், மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில், முப்பது கறுப்புத் தொட்டிகள். எல்லாம் காலி. ஒன்றைக் கவிழ்த்தேன். அழுகல் நாற்றம். அடி ஓட்டையில் சிமென்ட் பூசியிருந்தது.

"இன்னாங்க இது?" என்று கூட வந்த விடுதிக்காரரைக் கேட்டேன்.

"தண்ணி வழிஞ்சா டைல்ஸ் கறையாவுது பாய். மேஸ்திரிய வுட்டு அடைச்சேன்."

"உங்க மூக்கையும் அவர வுட்டு அடைச்சுப் பாக்கறதுதானே! செடிங்க எங்க?"

"எல கொட்டிப் போச்சு, குச்சியா நின்னுச்சு. கெஸ்ட் வர்ற எடத்துல பொணத்தயா வெப்பாங்க? பின்னாடி பள்ளத்துல வீசிட்டோம்."

சித்திரையில் இலை கொட்டுகிறது என்று இவர் போன் செய்தபோதே படித்துப் படித்துச் சொன்னேன்: நிழலுக்கு மாற்றுங்கள், பிடுங்காதீர்கள், ஒரு மழை பாருங்கள். மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை.

பள்ளத்தில் இறங்கினேன். ஒரு குச்சிகூட இல்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், பலா மரத்தடியில், சிவப்பு சிவப்பாக ஏதோ ஆடியது. பத்தொன்பது செடி எண்ணினேன். பாதி தரையில், மீதி பெயின்ட் டப்பாவிலும் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குடத்திலும். ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை. நிலத்துக்காரி முனியம்மா களை கொத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது ஏது?"

"அந்த வூட்டுக்காரு வீசினது பாய். குச்சிய நகத்தால கீறுனேன், உள்ள பச்சையா கீது. ரெண்டு வெரல் ஆழமா நட்டு, மேல சாமை உமி போட்டேன். மழ வந்துச்சு, அடியில துளுத்துக்கிச்சு. பத்து பதினொண்ணு போயிடுச்சு, அது நெசமாவே செத்தது."

பின்னாலேயே வந்த விடுதிக்காரர் கண்ணை அகல விரித்தார். "அட, உசுரோடவா கீது! முனியம்மா, சாயங்காலம் ஆள அனுப்பறேன், பேத்துக் குடுத்துடு."

அந்த அம்மா கொத்துவதை நிறுத்தவே இல்லை. "பொணம்னு வீசினது நீங்கதானே சாமி. பொதச்சவங்க கிட்ட வந்து பொணத்தத் திருப்பிக் கேக்கறீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. "குரூப்புல போடுங்க, செடி சாகலன்னு," என்றேன்.

"அது எப்டி பாய்? என் மானம் போவுமே."

"என் மானம் மட்டும் உங்க வூட்டுக் கால்மிதியா?"

அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். அவர் போடாததால் நான் இங்கே எழுதுகிறேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் அதே மாடியில், அவர் அப்போதே அடைத்து வைத்திருந்த தொட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். ஒரு தொட்டியையாவது தூக்கி அடியைப் பார்த்திருக்க வேண்டும். இனி ஓட்டையில் என் சுண்டுவிரல் நுழையாத தொட்டிக்கு நான் செடி கொடுப்பதாக இல்லை.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: வாணியம்பாடி, ஒடுகத்தூர் மாதிரிக் கீழ் ஊர்களில் ஃபூசியா வேண்டாம், நீங்கள் கேட்டாலும் தர மாட்டேன். மலையில் காலை வெயில் மட்டும் படட்டும். கறுப்புத் தொட்டி வேரை வேகவைக்கும். மண்தொட்டி நல்லது, தரை அதைவிட நல்லது. மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இலை கொட்டினால் பயந்துபோய்க் குடம் குடமாக ஊற்றாதீர்கள், குறையுங்கள். பிடுங்கும் முன் நகத்தால் கீறுங்கள். பச்சை தெரியாவிட்டாலும் ஒரு மழைவரை பொறுங்கள்.

என் செடியைச் சந்தேகப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கவே வேண்டாம். கிளம்பும்போது முனியம்மாவே சொன்னார்: "யாரு வந்தாலும் அனுப்பு பாய், பாத்துட்டுப் போவட்டும்." விடுதியின் பெயரை எழுத மாட்டேன். மாடியில் முப்பது காலித் தொட்டி வரிசையாகத் தெரியும். அதைத் தாண்டி இறங்குங்கள்.