அந்த டெரோசாருக்குப் பல் கிடையாது

அந்தப் படம் பளபளப்பான சாம்பல் நிறப் பை ஒன்றுக்குள் வந்தது. தொழிற்சாலைகளில் சிப்புகளைப் போட்டு அனுப்பும் பை அது. லேசாக அழுத்தினால் சரசரக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது புகைக்குள் தெரிவதுபோல் தெரியும். "கழிச்சுப் போட்ட பைதான் தங்கச்சி. சிப்புக்கே இவ்வளவு பாதுகாப்புன்னா என் படத்துக்கு இருக்கக் கூடாதா?" என்று சொல்லி அதை என் மேசைமேல் வைத்தார் ஓவியர். வெளியே மழை. அவருடைய சட்டை தோள்வரை நனைந்திருந்தது. பையின் மேல் ஒரு துளிகூட இல்லை. ஆறு வருடங்களாக அந்தப் பை என் வீட்டு அலமாரியில், மகளின் தடுப்பூசிப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. அது அங்கே இருந்திருக்கக் கூடாது.

ஓவியர் என்பது நான் வைத்துக்கொண்ட பெயர். அவர் தன்னை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. எட்டு மணி நேரமும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்புகளில் கீறல் தேடுவார். விடுமுறை நாட்களில் படம் வரைவார். ஜார்ஜ் டவுனில் பாலர் பள்ளிகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் சின்ன நிறுவனம் ஒன்றில் நான் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். விலங்குகள் புத்தகத்துக்கு அவர் எங்களுக்கு யானை, ஆமை, முதலை எல்லாம் வரைந்து கொடுத்திருந்தார். கடைசியாக மிச்சமிருந்தது 'பறக்கும் டைனோசார்' என்ற பக்கம். அந்தத் தலைப்பையே அவர் முதலில் அடித்துவிட்டார். "இது டைனோசாரும் இல்ல, பறவையும் இல்ல. டெரோசார். அதுங்க காலத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுல குடியிருந்தா சொந்தக்காரனா?"

அன்று அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது கார்ட்டூன் டெரோசார்தான். குடைக்கம்பிபோல் எலும்பு ஓடும் வௌவால் இறக்கை, வாய் நிறையப் பல், கழுகுக்கால். இவருடையதில் அது எதுவும் இல்லை. ஒரே ஒரு விரல், கையின் நான்காவது விரல், நம்ப முடியாத நீளத்துக்கு வளர்ந்து இறக்கையின் முன் ஓரமாக ஓடியது. மற்ற மூன்று விரல்களும் சின்ன நகங்களோடு நடுவில் சும்மா இருந்தன. இறக்கைத் தோல் பின்காலோடு போய்ச் சேர்ந்தது. உடம்பு முழுக்கக் குஞ்சுக்கோழிக்கு இருப்பதுபோல் மென்மயிர். நீண்ட அலகு, அதற்குள் பல்லே இல்லை. கீழே இன்னொன்று, இறக்கையை மடித்துக் கைகளையும் ஊன்றி, நான்கு காலில் நடந்துகொண்டிருந்தது. நீர்வண்ணம் காய்ந்த பிறகு மெல்லிய பென்சிலால் ஒவ்வொரு மயிராக இழுத்திருந்தார். அவருடைய பெயர் படத்தின் பின்பக்கத்தில், ஓரமாக, பொடி எழுத்தில் இருந்தது. இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டேன். "சின்ன வயசுல ஒரு பொம்மை வெச்சிருந்தேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டுப் பறக்கும். முப்பது வருஷமா அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்திருக்கேன் தங்கச்சி. அதுக்குத் தூக்குற காலே கிடையாதாம்!" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஏமாற்றப்பட்டவர் ஒருவரின் சிரிப்பு என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள நேரமில்லை.

அப்போது எனக்கு ஆறு மாதம். என் ஒப்பந்தம் முடியும் மாதமும் பிரசவ மாதமும் ஒன்றாக இருந்தன. புதுப்பிப்பாரா மாட்டாரா என்பதை முதலாளி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் நினைவுபடுத்தியதாகிவிடும் என்று ஒரு பயம். தாமதமாக வந்ததில்லை, எதற்கும் எதிர்த்துப் பேசியதில்லை, வாந்தி எடுத்துவிட்டு வந்துகூட முகம் கழுவி உட்கார்ந்துவிடுவேன். முதலாளி மோசமான மனிதர் இல்லை. எல்லாரையும் சிரிக்க வைப்பவர். படத்தைக் கையில் எடுத்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"அலாமாக்! என்னாலா இது? நடக்கிறதப் பாரு, ரெண்டு கைத்தடி ஊன்றிக்கிட்டுக் கிளினிக்குக்குப் போற தாத்தா மாதிரி. பல்லு எங்க? செட்டக் கழட்டித் தண்ணியில போட்டுட்டு வந்துருச்சா?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு மெதுவாக, "பாஸ், இந்த வகைக்குப் பல் இல்லையாம். அதோட அறிவியல் பேருக்கே பல்லில்லாத இறக்கைன்னுதான் அர்த்தமாம்" என்றேன்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அர்த்தம் என்னா தெரியும்? கடையில பொம்மையைப் பாரு, எல்லாத்துக்கும் பல்லு இருக்கு. நம்மளதுல மட்டும் இல்லன்னா அம்மாமாருங்க நம்மளத்தான் தப்புன்னு சொல்லுவாங்க. பல்லு வை. இறக்கையில கம்பி போடு. காலுல ஒரு மீனைக் குடு. அந்தத் தாத்தாவைத் தூக்கிரு."

படத்தைத் திருப்பி அனுப்பி அவரையே மாற்றித் தரச் சொல்லியிருக்கலாம். அவர் மாட்டார் என்று தெரியும். மாட்டார் என்றால் பக்கம் தாமதமாகும், பக்கம் தாமதமானால் அது என் தாமதம். அதனால் நானே செய்தேன். ஸ்கேன் செய்து, கணினியில், ஒரே மத்தியானத்தில். மென்மயிரை வழவழப்பாக்கினேன். இறக்கையில் கம்பிகள் இழுத்தேன். நடந்துகொண்டிருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் கடல் நீலத்தை நிரப்பினேன். பற்களைக் கடைசியாக வைத்தேன். ஒரு முக்கோணம் வரைந்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டினேன். நன்றாகத்தான் வந்திருந்தது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் பக்கம் அமைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போட்டேன். மறுநாள் ஓவியர் தொலைபேசியில் அழைத்தார். "புரூஃப் வந்துருச்சா தங்கச்சி? ஒரு கண்ணு பார்த்துட்டா நிம்மதியாப் போயிரும்." நான் சொன்னது இரண்டே வார்த்தை: "எல்லாம் சரிண்ணே."  அப்படிச் சொன்ன குற்ற உணர்ச்சியில்தான் இன்னொரு காரியம் செய்தேன். எங்கள் புத்தகங்களில் வரைந்தவரின் பெயர் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் மொத்தமாக வரும். இந்தப் பக்கத்துக்கு மட்டும் படத்தின் கீழேயே, பெரிய எழுத்தில், அவருடைய பெயரைப் போட்டேன். ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று. உழைப்பை மறைத்ததற்குப் பெயரையாவது காட்டுவோம் என்று.

புத்தகம் வந்த வாரம் அவர் காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்தார். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் தொங்கும் அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகியிருந்தார். நின்றபடியே பக்கத்தைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்து, குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் முடிந்திருக்கும்.

"எல்லாப் பல்லும் ஒரே பல்லு" என்றார் கடைசியில். "யாரு வெச்சதுன்னு கேட்கல. யாரு பாஸ் பண்ணது?"

"பாஸ்தான் சொன்னாரு அண்ணே."

"அவரு சொல்லுவாரு. பாஸ் பண்ணது யாரு?"

 அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தணிந்த குரலில் விளக்கினார். அவர்கள் லைனில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் முத்திரை உண்டு. நல்லதாகப் பார்த்து விட்ட பெட்டியில்தான் அதைக் குத்துவார்கள். பழுதான சிப் எங்கே போய் மாட்டினாலும், எத்தனை மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும், அந்த நம்பரோடு வரும். "எனக்குப் பேரும் அதுதான் தங்கச்சி. பேரு போட்டா, நான் பார்த்தேன், சரியா இருக்குன்னு அர்த்தம். இதுல என் பேரைக் குத்திட்டீங்களே." நான் மரியாதை என்று நினைத்துப் பெரிதாக்கிய எழுத்துகளின் மேல் அவருடைய விரல் இருந்தது.

இரண்டு விஷயம் கேட்டார். மறுபதிப்பில் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும். அசல் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் சரி என்றேன். வாசல்வரை போனவர் திரும்பி, "உடம்பைப் பார்த்துக்குங்க" என்றார். அவரோடு நான் நேரில் பேசியது அதுதான் கடைசி.

மறுபதிப்பு என்று ஒன்று வருவதற்குள் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்ததாகவும் ஞாபகம். வைத்தேனா, வைக்க நினைத்தேனா என்பது இப்போது உறுதியாக இல்லை. அதற்குள் முதலாளி அடுத்த புத்தகத்துக்குச் சுறா வேண்டும் என்றார். ஓவியருக்குச் செய்தி அனுப்பினேன். "இல்ல தங்கச்சி, கண்ணு இப்பச் சரியில்ல, வரையுறத விட்டுட்டேன்" என்று பதில் வந்தது. எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப் பார்க்கும் கண். வேலையின் கடைசி நாளில் அசல் படத்தைப் பையோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன், பிரசவத்துக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. என் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை.

பிறகு குழந்தை. காய்ச்சல், பால், உறக்கமின்மை. எதையாவது தவறாகச் செய்துவிடுவேனோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு நாளும் போகும்; பழைய தவறு ஒன்றுக்கு அதில் இடமில்லாமல் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வருடம் பாயான் லெப்பாஸ் சாலை விளக்கில் கார் நின்றபோது, தொழிற்சாலைப் பேருந்திலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தேன். கையில் சாப்பாட்டுப் பை. எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. நான் பின்பக்கம் திரும்பி, சரியாகவே இருந்த மகளின் சீட் பெல்ட்டைச் சரிசெய்தேன், விளக்கு பச்சையாகும்வரை.

சென்ற வாரம் மகள் பாலர் பள்ளியிலிருந்து புதிய புத்தகத்தோடு வந்தாள். அட்டை மாறியிருந்தது, உள்ளே அதே பக்கங்கள். இப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருக்கிறாள். டெரோசாரின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, அவருடைய பெயரைச் சத்தமாகப் படித்தாள். "அம்மா, இவருதான் வரைஞ்சாரா? சூப்பரா வரைஞ்சிருக்காரு. பல்லைப் பாருங்க!" நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் என்ன சொல்வது?  அவருடைய கைபேசி எண் இன்னும் இருக்கிறது. படத்தையாவது கொடுத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பையை எடுத்து, படத்தை உருவிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நிறம் மங்கவில்லை. நான் அழித்த தாத்தா அங்கே இன்னும் நடந்துகொண்டிருந்தது. வைத்து அனுப்ப அட்டை தேடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. பால்கனியில் துணி. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வர ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மகள் நாற்காலியில் மண்டியிட்டிருந்தாள். கையில் கறுப்பு மார்க்கர். "அம்மா, இதுக்குப் பல்லு வைக்க மறந்துட்டாங்க. பாவம். நான் வெச்சுட்டேன்." அலகு முழுக்க, மேலும் கீழும், கவனமாக, ஒரே மாதிரி முக்கோணங்கள். நடந்துகொண்டிருந்ததற்கும் வைத்திருந்தாள். புத்தகம் பக்கத்திலேயே திறந்து கிடந்தது, பார்த்துத்தான் போட்டிருக்கிறாள். கையை ஓங்கிவிட்டேன். யாருடைய பல்லுக்காக அவளை அடிப்பது? ஈரத் துணிகளைத் தரையில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். "தப்பாம்மா?" என்று கேட்டாள். "உன் தப்பு இல்ல" என்றேன். அவள் நம்பவில்லை.

நீர்வண்ணத்தின் மேல் விழுந்த மார்க்கர் அழியாது. ஓரத்தில் முயன்று பார்த்தேன், தாள்தான் உரிந்தது. திருப்பினேன். பின்பக்கத்தில் அவருடைய பொடி எழுத்துப் பெயர். அதற்குக் கீழே பென்சிலால், 'பற்கள் அவருடையவை அல்ல. பார்த்துச் சரியென்று விட்டது நான்' என்று எழுதி, என் பெயரை எழுதினேன். ஆறு வருடம் தாமதமான கையெழுத்து. திங்கட்கிழமை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும். நிற்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு போவேன் என்றும் ஒருமுறை இப்படித்தான் நினைத்தேன்.

படத்தை மறுபடியும் பைக்குள் போட்டேன். மழை விட்டு ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அந்தப் புகைக்குள் மென்மயிர் தெரியவில்லை, நீண்ட விரல் தெரியவில்லை. பற்கள் மட்டும் தெரிந்தன.