ஈயத்தாள் ஒட்டிய கம்பியூட்டர்

போன மாதம் என் மகளுக்கு ஒரு கம்பியூட்டரை நானே பூட்டித் தருகிறேன் என்று கிளம்பினேன். ஏழெட்டுப் புத்தகம் எழுதி, அவற்றில் பாதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் ஒருத்திக்கு, பெட்டிக்குள் நாலு துண்டைப் பொருத்துவது பெரிய வித்தையா என்ற நினைப்பு. உள்ளே போடும் கேபிள்களைச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுப்பதுபோல நிறம் பார்த்து எடுத்தேன். பெட்டி கறுப்பு, ஆகவே எல்லாம் கறுப்பு. நீளம் என்று ஒன்று உண்டு என்பது வீட்டுக்கு வந்து, ஒன்று எட்டாமலும் இன்னொன்று சாரைப்பாம்பாகச் சுருண்டும் கிடந்தபோதுதான் தெரிந்தது. இழுத்தும் மடக்கியும் ஒருவழியாகப் பூட்டி முடித்தேன். மேசையில் ஒரு சின்னப் பை மிஞ்சியிருந்தது. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவில் பித்தளைக் கால்கள்.

இது என்ன என்று மகள் கேட்டாள். மேலதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்றேன். சொல்லிவிட்டு சுவிட்சை நோக்கி விரலை நீட்டினேன்.

விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த விரலை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது அப்பாவுடைய விரல். அந்தப் பையையும் பார்த்திருக்கிறேன். இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும், அந்தப் பை எதற்கென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லயத்து வீடுகளில் நடு வீடு எங்களுடையது. அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஹட்டனில் ஒரு இலவச வகுப்பில் கம்பியூட்டரும் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். லயத்தில் வயதுக்கு வந்த பெண் சும்மா இருப்பதென்பது அடுப்பில்லாத வீட்டில் புகை வருவதுபோல எல்லார் கண்ணையும் உறுத்தும் விஷயம். அப்பா மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் பேசி, அடுத்த முதலாம் தேதி கொழுந்து பறிக்க அக்காவின் பெயரைப் பதிவதென்று முடிவு செய்திருந்தார். பெயர் பதிந்துவிட்டால் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்கள், பிறகு மலை, முதுகில் கூடை. அதற்குப் பிறகு பெயரை எடுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் தலவாக்கலையில் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தும் ஒரு டியூட்டரியில் கம்பியூட்டர் வகுப்பு தொடங்கப் போவதாகக் கேள்விப்பட்டாள் அக்கா. போய்க் கேட்டாள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்தான், ஆனால் கம்பியூட்டரையும் ஆளே கொண்டுவர வேண்டும் என்றாராம் டியூட்டரிக்காரர். அப்பா யோசித்தார். முதலாம் தேதிக்கு முன் வீட்டில் ஒரு கம்பியூட்டர் ஓடினால் டியூட்டரி, ஓடாவிட்டால் மலை என்று தீர்ப்புச் சொன்னார். கம்பியூட்டர் வராது என்ற நம்பிக்கையில் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார்.

மாமா கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை செய்தார். கடைக்குள் அவருடைய வேலை பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது. லயம் முழுக்க அவரை எஞ்சினியர் என்று சொன்னது. மாமாவும் யாருடைய மனதையும் நோகடிக்கிற ஆள் இல்லை. கடையில் கழித்துப் போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சேர்த்து, ஒரு அரிசிச் சாக்கில் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வெற்றுத் தகரப் பெட்டி, பச்சைப் பலகை, டிஸ்க், ஒரு சின்னப் பழைய திரை, சாம்பல் நிறத்தில் பட்டைப் பட்டையாகக் கேபிள்கள். கூடவே அந்தச் சின்னப் பை.

அக்கா பச்சைப் பலகையோடு வந்த சின்ன இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, முதலில் பித்தளைக் கால்களைப் பெட்டியில் முறுக்கி, அதன்மேல்தான் பலகையை வைக்க வேண்டும் என்றாள். மாமா சிரித்தார்.

"கொழும்புல வேர்க்கும். கீழ காத்து போவணும்னு கால் வைக்கிறாங்க. நம்ம மலையில கீழ எடம் வுட்டா பனியில்ல பூந்துக்கும்?"

எல்லாரும் தலையாட்டி ஒத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் பனி வராத இடம் கிடையாது. உப்புச் சாடிக்குள் வரும். நேற்று காயப்போட்ட பள்ளிச் சீருடைக்குள் இருந்து இன்று காலை வெளியே வரும். அக்கா மட்டும் புத்தகத்தைக் காட்டினாள். புத்தகம் எழுதியவன் லிந்துலைக்கு வந்திருக்கிறானா என்று மாமா கேட்டார்.

கால் இல்லையென்றால் பலகையைப் பெட்டியோடு ஒட்ட வைத்து முடுக்க ஆணி வேண்டும். மாமா என்னையும் அழைத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கினார். ஹார்ட்வெயார் கடைக்கார முஸ்லிம் நானா பச்சைப் பலகையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் முட்கள்போல நீட்டிக்கொண்டிருந்த ஈயப் பொட்டுகளை ஒருமுறை தடவினார். பிறகு ஆழ்ந்த வருத்தத்தோடு சொன்னார்:

"கம்பியூட்டருக்குண்டு ஆணி ஈக்காது தம்பி. கதவுக்கு ஈக்கு, சவப்பெட்டிக்கு ஈக்கு. ரெண்டுல ஒண்டு செல்லுங்க."

மாமா கதவைத் தேர்ந்தெடுத்தார். பெட்டியின் ஓட்டைக்கு அது சேராததால், நட்டும் போல்ட்டுமாகக் குடை ரிப்பேர் டப்பாவிலிருந்து நானாவே தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் டிஸ்க்கையும் பலகையையும் இணைக்கிற பட்டைக் கேபிள் ஒரு முழம் அதிகம். மாமா அதை விசிறி மடிப்பாக மடித்து, என் இரட்டைப் பின்னலில் ஒன்றை அவிழ்த்து, அந்தச் சிவப்பு ரிப்பனால் கட்டினார். நான் ஆட்சேபிக்கவில்லை. ஒரு கம்பியூட்டருக்குள் என் ரிப்பன் இருக்கப்போகிறது என்பது பள்ளிக்கூடத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். மறுபக்கப் பின்னலோடு மட்டும் அந்த வாரம் முழுக்கத் திரிந்தேன்.

இதையெல்லாம் அப்பா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியூட்டர் அவருக்குத் தெரியாது. ஆனால் பேச்சு பனியைப் பற்றி வந்துவிட்டது. பனி அவருடைய துறை. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அப்பா பெட்டி கட்டுகிறவர். தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாளை மூலைக்கு மூலை மடித்து ஒட்டி, கப்பலில் எத்தனை நாள் கிடந்தாலும் ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அவர் கட்டிய பெட்டியில் ஒருமுறைகூடப் புகார் வந்ததில்லை என்று துரையே சொல்லியிருக்கிறாராம். அப்பா எழுந்து வந்து தகரப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு நல்ல தச்சன் கோணல் கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தாள் ஒட்டாமயா மாப்ள கட்டுறீங்க?" என்றார்.

அடுத்த நாள் ஸ்டோரிலிருந்து கழிவுத்தாள் கேட்டு வாங்கி வந்தார். சோற்றுப்பசை காய்ச்சினார். அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கால் இல்லாததே கூடாது, இதில் ஈயத்தாள் வேறா என்றாள். அவள் சொன்னது அப்பாவின் காதில் விழவில்லை. அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படி. மகளுக்குத் தன் கையால் செய்து கொடுக்க ஒரு காரியம் கிடைத்துவிட்டது. மலைக்குப் போ என்று சொன்னவரும் அவர்தான் என்பதை அவரே மறந்துவிட்டார். அடிப்பக்கம், இரண்டு பக்கவாட்டு, முன்பக்கம் என்று ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினார். ஒட்டி முடித்தபோது பெட்டி உள்ளே வெள்ளியாக மின்னியது. அதன்மேல் பச்சைப் பலகையைப் படுக்க வைத்து மாமா குடை போல்ட்டுகளை முடுக்கினார். அக்கா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்ல நேரம் பார்க்கப்பட்டது. டிவியில் கிரிக்கெட் ஓடியதால் அப்பாவையும் மாமாவையும் தவிர லயத்து ஆண்கள் முழுப்பேரும் டிவி இருந்த கடைசி வீட்டில் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கள் வீட்டில். அம்மா கம்பியூட்டருக்கு விபூதிப் பட்டை இழுத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். மாமா ஒரு நீளமான உரை நிகழ்த்தினார். அதில் கொழும்பு என்ற சொல் அடிக்கடி வந்தது. வீட்டுக்குப் பெரியவர் என்பதால் பொத்தானை அமுக்கும் மரியாதை அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது. அப்பா வேட்டியைச் சரி செய்துகொண்டு, வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டி, அமுக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. நீலமாக ஒன்று வந்தது. அடுப்புக்குள் மூங்கில் கணு வெடிப்பதுபோல, அதைவிடப் பெரிதாக ஒரு சத்தம். பிறகு எல்லாம் நின்றுவிட்டது. விளக்கு, கடைசி வீட்டு டிவி, மாமாவின் பேச்சு, என் மூச்சு. மயிர் கருகும் நாற்றமா பசை கருகும் நாற்றமா என்று பிரிக்க முடியாத ஒரு நாற்றம் மட்டும் இருந்தது. யாரும் கத்தவில்லை. கத்துவதற்குக்கூட ஒரு வழக்கம் வேண்டும்; எங்கள் வீட்டில் கம்பியூட்டர் வெடிப்பது அதுதான் முதல் தடவை.

கதவு வழியே வந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். நீட்டிய விரலை மடக்கவில்லை. அதைத் தன் விரல் இல்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் கற்பூரத் தட்டு அப்படியே இருந்தது, அணைந்திருந்தது. லயம் முழுவதற்கும் ஒரே பியூஸ் என்பதால், கிரிக்கெட்டை இழந்த ஆண்கள் காரணம் கேட்டு வாசலுக்கு வந்து, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். முதலாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அவளுக்காக வாங்கி வைத்திருந்த கூடை கதவுக்குப் பின்னால் புதுப் பிரம்பு வாசனையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. வந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. அது என்னவென்று அன்று எனக்குப் பெயர் தெரியாது.

"கரண்டு கூடிருச்சுங்கப்பா," என்றாள்.

அப்பா மெதுவாக விரலை மடக்கினார். "நானும் அப்பிடித்தான் நெனச்சேன்," என்றார். வாசலில் நின்றவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். கரண்டைப் பற்றி ஆளுக்கொரு பழைய கோபம் இருந்தது. அரை மணி நேரத்தில் பியூஸுக்குக் கம்பி கட்டி, கிரிக்கெட் மறுபடி ஓடியது. மாமா அன்றைக்கே கடைசி பஸ்ஸில் ஏறிவிட்டார். கடையில் அவசரமாகத் தேடுவார்களாம்.

மறுநாள் அப்பா ஸ்டோருக்குப் போனதும் அக்கா பெட்டியைப் பிரித்தாள். எனக்குக் காட்டினாள். அந்தக் காலத்துக் கம்பியூட்டரில் சுவர்க் கரண்டு நேராக முன்பக்கப் பொத்தானுக்கு வந்துதான் உள்ளே போகும். பொத்தானின் பின்னால் இருந்த மூடாத தகரக் காதுகளில் அப்பாவின் ஈயத்தாள் மிக அழகாக உரசிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தில் கருகி ஒரு ஓட்டை. பொத்தான் உருகிப் போயிருந்தது. என் ரிப்பனின் நுனி கரிந்திருந்தது. ஆனால் வெடித்தது வாசலிலேயே வெடித்துவிட்டதால் கரண்டு பலகை வரைக்கும் போகவே இல்லை. போயிருந்தால், கீழே இருந்த தாள் அந்த ஈயப் பொட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து, பலகையைச் சாம்பலாக்கியிருக்கும். முன்பக்கத் தாள் அடிப்பக்கத் தாளிடமிருந்து கம்பியூட்டரைக் காப்பாற்றியிருந்தது. அதைக் கண்டுகொண்ட நிம்மதிதான் அக்கா முகத்தில் நான் பார்த்தது.

அவள் தாளைச் சுரண்டி எடுத்தாள். பித்தளைக் கால்களை முறுக்கி அதன்மேல் பலகையை வைத்தாள். டவுனில் ரேடியோ ரிப்பேர்காரரிடம் பழைய ரேடியோவின் சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்து, டேப் சுற்றிப் பூட்டினாள். பிறகு எனக்குப் பிடிபடாத ஒன்றைச் செய்தாள். கிழியாமல் வந்த ஈயத்தாளில் ஒரு நீளத் துண்டை எடுத்து, சோற்றுப்பசை தடவி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், எதிலும் படாத இடத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். சாயந்தரம் அப்பா வந்ததும் மூடியைக் கழற்றி அவரிடம் காட்டினாள். உங்கள் தாள் அப்படியே இருக்கிறது, கரண்டுதான் சரியில்லாமல் இருந்தது என்றாள். அப்பா தாளைத் தடவிப் பார்த்தார். மூடியை அவரே மூடினார். பொத்தானை இந்தத் தடவை அக்கா அமுக்கினாள். பெட்டி ஒரு தடவை கீச்சென்றது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரத் தொடங்கின.

முதலாம் தேதி அக்கா கம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு தலவாக்கலை பஸ்ஸில் ஏறினாள். புதுக் கூடையில் அம்மா வெங்காயம் போட்டு வைத்தாள். அப்பா சாகும்வரை, பனியிலிருந்து கம்பியூட்டரைக் காப்பாற்றும் விதத்தைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். நானும் கரண்டு கூடிய கதையைப் பள்ளிக்கூடத்தில் கரிந்த ரிப்பனோடு சொல்லித் திரிந்தேன். தான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமான அன்றைக்கே, அதை ஏன் அக்கா ஒருவருக்கும் சொல்லாமல் மூடிக்குள் ஒட்டி மூடினாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

வளர்ந்த பிறகு விளங்கியது என்று நினைத்தேன். ஒரு தகப்பனின் மனதை அவள் எவ்வளவு மென்மையாகத் தூக்கி வைத்தாள் என்று ஒன்றிரண்டு மேடைகளில் குரல் தழுதழுக்கப் பேசியும் இருக்கிறேன்.

போன மாதம் பித்தளைக் கால்களைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு போன் செய்து, நான் செய்யவிருந்த காரியத்தைச் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சூட்டோடு, அன்றைக்கு அப்பா மனசு நோகக் கூடாதென்றுதானே அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி," என்றாள். "தாளுதான் காரணம்னு சொல்லிருந்தா, சரியா ஒட்டலைன்னு ராவோட ராவா ரெண்டு தாளா ஒட்டிட்டுப் போயிருப்பாரு."