வில்மரின் காலுறை

பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னாவுக்கு மெக்கானிக்குகள் மேல் நம்பிக்கையே கிடையாது. கிழட்டுப் பிக்கப் வண்டியில், எஞ்சினுக்குக் காற்று கொடுக்கும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு விரிசல் விட்டதும், புதியதை வாங்கித் தானே மாட்டினாள். வேலை முடியும்வரை, திறந்து கிடந்த எஞ்சின் துளைகளில் தூசி விழாமலிருக்கக் கணவன் வில்மரின் பழைய காலுறைகளைத் திணித்து வைத்திருந்தாள்.

“உள்ள எதையாச்சும் வச்சு மூடிடலியே?” என்று கேட்டுக்கொண்டே வில்மர் வண்டியில் ஏறினான். ஐஸ் உருகுமுன், உறைந்த ஏரி நடுவே நிற்கும் மீன்பிடிக் குடிலை வண்டியில் கட்டிக் கரைக்கு இழுத்து வர வேண்டும்.

“எண்ணித்தான் எடுத்தேன். நீ நடுவுல எங்கயும் நிறுத்தாத. மார்ச் மாச ஐஸு, ஓடுற வண்டியத்தான் தாங்கும்.”

வண்டி முனகாமல் கிளம்பியது. லோர்னா காலுறைகளை அலசினாள். எண்ணிக்கை சரிதான். ஆனால் ஒரு காலுறையின் விரல் பக்கத்து நுனித் துணியைக் காணோம். அவன் காலுறை என்றைக்குக் கிழியாமல் இருந்தது என்று முணுமுணுத்தபடி விளிம்பைத் தடவினாள். நூல் புதிதாக அறுந்திருந்தது.

ஈரக்கையோடு, ஏரியைப் பார்த்த சன்னலுக்கு ஓடினாள். குடிலுக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. வண்டி நின்றிருந்தது.