பொம்மை மட்டும் குறைகிறது

பொம்மைக் கடையில் நிற்பவள் முதலில் கேட்க வேண்டியது, "ஆம்பளப் புள்ளைக்கா, பொம்பளப் புள்ளைக்கா?" என்பதுதான், விலையெல்லாம் அப்புறம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் கடை. நுழைந்ததும் இடப்பக்கம் கார், பஸ், துப்பாக்கி, ஹெலிகாப்டர். வலப்பக்கம் பொம்மை, சொப்பு சாமான், குட்டி பீரோ. டாக்டர் செட் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் கல்லாவுக்கு மேலேயே கிடந்தது.

சுனாமிக்கு மறு வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். துணிக்கடையோ பாத்திரக்கடையோ, கால் வீங்க நின்று, வருகிறவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால் நான் படுவது புரியும். நம் கண் அவர்கள் கை மேல். கடைக்காரர் கண் நம் பை மேல்.

யார் வீட்டில் பெண் குழந்தை?

மாதத்துக்கு ஒரு பொம்மை காணாமல் போக ஆரம்பித்தது. கார் குறையவில்லை, பந்து குறையவில்லை. படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பெண் பொம்மை மட்டும்தான். முதலாளியம்மா சாயங்காலம் கடை மூடும் நேரத்துக்கு வந்து சரக்கை எண்ணிப் பார்ப்பார். எண்ணி முடித்ததும் என் பையைத் திறக்கச் சொன்னார். சோற்று டப்பா, குடை, ஜெப மாலை எல்லாம் கல்லா மேல் பரப்பி வைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

என்னோடு நிற்கும் குமார் தன் பையை வீசிக்கொண்டு தாராளமாக வெளியே போனான். வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். திருடி என்று பேர் வாங்கி வெளியே போனால் இந்த ஊரில் வேறு எந்தக் கடை வாசலிலும் நிற்க முடியாது. அவன் பையை மட்டும் ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டே விட்டேன். முதலாளியம்மா கோபமே படாமல் சொன்னார்: "அவனுக்கு ரெண்டும் பையனுங்கம்மா. பொம்மைய எடுத்துட்டுப் போயி என்னா பண்ணப் போறான்? உனக்குத்தான் ஸ்டெல்லா, வீட்ல பொண்ணு இருக்குது."

என் மகள் ஜான்சி பொம்மையைத் தொட்டதே இல்லை. பழைய ரேடியோவை ஸ்குரூ கழற்றிப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டிருப்பாள். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? திருடனை நானே பிடிப்பது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து கடைக்கு வந்த எல்லோரும் எனக்குத் திருடர்கள்தான்.

செம்மண்டலத்துக்காரர்

சனிக்கிழமை சனிக்கிழமை ஒருவர் வருவார். செம்மண்டலம் என்று மட்டும் தெரியும். ஆள் தனியாக வருவார், பிள்ளைகள் யாரும் கூட இருக்காது. கார் பக்கம் நிற்பது போல நின்று பொம்மைப் பக்கம் பார்ப்பார். யாருக்கு வேண்டும் என்று கேட்டால், "சும்மாதாம்மா" என்பார். ஆம்பளைக்குப் பொம்மை அலமாரியில் என்ன வேலை?

ஒருநாள் குட்டி பீரோ அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் பதுங்கி நின்று பார்த்தேன். மனுஷன் மெதுவாக வலப்பக்கம் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பொம்மையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, கவுனைத் தூக்கி உள்ளே உற்றுப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் குமார் ஏணியில் இருந்து இறங்கியே விட்டான். பொம்மையைக் கீழே போட்டுவிட்டு அவர் நடுங்கிப் போய்ச் சொன்னார்: "தையக்காரன்மா நானு! உள்ள எப்டி சுருக்கு வச்சித் தச்சிருக்கான்னு பாத்தேன், எம் பொண்ணு இதே மாதிரி கவுனு கேட்டு சரியா சோறு துன்ன மாட்டேங்குது."

பிறப்பதற்கு முன்னால்

பிறக்காத பிள்ளைக்கு யாரும் விளையாட்டுச் சாமான் வாங்க மாட்டார்கள், ஆகாது என்பார்கள். ஆனால் ஒரு மாமியார் வந்தார். கூட ஏழு மாத வயிற்றோடு மருமகள். நான் கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே மாமியார் இடப்பக்கம் போய், டகடகவென்று சத்தம் போடும் துப்பாக்கியை எடுத்துவிட்டார். பையன்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியும்" என்றார். மருமகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயாவது திருட்டுத்தனமாக ஸ்கேன் எடுத்திருப்பார்களோ, பெண்ணாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ என்று அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு.

நாலைந்து மாதம் கழித்து அந்த மருமகள் தனியாக வந்தாள். ஒரு தோளில் குழந்தை, இன்னொரு கையில் அதே துப்பாக்கி டப்பா. குழந்தையின் காலில் கொலுசு, பெண்தான். குறி சொன்னவர் பையன் என்றதை நம்பித்தான் மாமியார் துப்பாக்கி வாங்கியிருக்கிறார், ஸ்கேன் இல்லை என்று அவளிடம் கேட்டுத் தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பொம்மையாக மாற்றிக்கொள்ளத்தானே வந்திருக்கிறாய் என்று வலப்பக்கம் கை நீட்டினேன். அவள் நகரவில்லை. "அத்த மாத்திட்டு வரச் சொன்னாங்க. நான் மாத்தப் போறதில்லக்கா, இதுக்குப் பேட்டரி மட்டும் குடுங்க."

கூடையும் படகும்

கடலோர ஊரில் இருந்து ஒரு புருஷன் பெண்சாதி, எட்டு வயதுப் பெண்ணோடு வந்தார்கள். அந்த அம்மா கையில் பெரிய மீன் கூடை. அதற்குள் பொம்மை என்ன, பீரோவே போகும். நான் கூடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்ணுக்கு என்றதும் பொம்மையைக் காட்டினேன். அந்தப் பிள்ளை நேராகப் போய்த் தண்ணீரில் ஓடும் பேட்டரிப் படகைக் கட்டிக்கொண்டது. அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "பொட்டப்புள்ள படகுல கால் வெக்கறதில்ல. அத வச்சிட்டுப் பொம்மைய எடு" என்றார். இவ்வளவு சின்னப் படகில் எந்தப் பிள்ளை கால் வைக்கும் என்று கேட்க நினைத்தேன். எனக்கெதற்கு வம்பு?

அந்த அம்மா கூடையைத் தரையில் கவிழ்த்து வைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "புடிக்கறது நீ, தெருத் தெருவா விக்கறது நானு. அப்ப படகுல பாதி என்னுது, அந்தப் பாதிய எம் பொண்ணுக்குக் குடுக்கறேன், எடும்மா அத!"

ஒற்றைக் கண் பொம்மை

மார்கழி தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் மேல வீதியில் கடை போடுவோம். நானும் குமாரும்தான். முதலாளியும் அன்றைக்குச் சிதம்பரம் வந்திருந்தார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டார்.

கூட்டத்தில் ஒரு குழந்தை போவதைப் பார்த்தேன். மூன்று வயது இருக்கும். இரட்டைச் சடை, கனகாம்பரம், பட்டுப் பாவாடை. தோளில் சாய்த்திருந்த பொம்மைக்கு ஒரு கண் மூடியிருந்தது, இன்னொரு கண் திறந்தே இருந்தது. பழுது என்று நானே அலமாரிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்த பொம்மை. போன வாரம் காணாமல் போனதும் அதுதான். கடையைக் குமாரிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

ஒரு போட்டோ ஸ்டுடியோ வாசலில் பிடித்துவிட்டேன். பாப்பாவுக்கு இந்தப் பொம்மை ஏது என்று தாயிடம் கேட்டேன். "பாப்பா இல்லக்கா, பையன்" என்று சிரித்தாள். "நாளைக்கு வைத்தீஸ்வரன் கோயில்ல மொட்ட. அதான் முடி எடுக்கறதுக்கு முன்னாடி சட போட்டு ஒரு போட்டோ." எல்லா வீட்டிலும் செய்வதுதான். அதற்குள் குழந்தையின் அப்பா உள்ளேயிருந்து வந்தார். "போட்டோவுக்குப் பாவாட கட்டுனா போதும். ஆம்பளப் புள்ளைக்கு என்னா பொம்ம?" என்று பிடுங்கினார். குழந்தை "தாத்தா!" என்று வீறிட்டது.

ஓடி வந்த தாத்தா எங்கள் முதலாளி.

என்னைப் பார்த்ததும் வேர்த்துவிட்டார். ஓரமாகக் கூட்டிப்போனார். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த அவர் மகளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை கண்ணில் பட்டால் பொம்மையைத் தூக்கி எறிந்துவிடுகிறாராம். பேரன் அழுகிறானாம். அதனால் மாதா மாதம் பார்க்க வரும்போது ஒன்று எடுத்து வருகிறாராம். வீட்டில் சொன்னால் முதலாளியம்மா மாப்பிள்ளை கட்சியாம். இடப்பக்கம் வலப்பக்கம் என்று எனக்குப் பாடம் சொன்ன மனுஷன்! "அப்ப எம் பைய தெனம் தெறந்து காட்டறனே, அது உங்க கண்ணுக்குத் தெரியலயா?" என்று கேட்டேன். அவர் குனிந்தபடியே சொன்னார்: "இனிமே உம் பையத் தொட மாட்டாங்க, அது எம் பொறுப்பு. ஆனா ஸ்டெல்லா, ஒரு கண்ணு மூடாதது இன்னொண்ணு வந்தா தனியா எடுத்து வை, அவனுக்கு அதான் ஜாஸ்தி புடிச்சிருக்குது."

மசால் வடை

மொட்டை முடிந்து ஊர் திரும்பிய மறுநாள், முதலாளி வீட்டில் என்ன சொன்னாரோ, முதலாளியம்மா எலிப்பொறியோடு வந்தார். எலிதான் தூக்கிக்கொண்டு போகிறதாம். என் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொறியில் மசால் வடையைக் குத்தி, வலப்பக்க அலமாரியில் பொம்மைகளுக்கு நடுவே வைத்தார். எலி என்றால் கடை முழுக்கத்தானே ஓடும், கார் பக்கமும் ஒன்று வைக்கலாமே என்று குமார் கேட்டான். முதலாளி கல்லாவில் குனிந்து சில்லறையைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் டாக்டர் செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "காரத் தொடல, துப்பாக்கியத் தொடல, பொம்மைய மட்டும் தூக்குதுன்னா அது பொட்ட எலியாத்தான்டா இருக்கும்."

அந்தப் பொறியில் இன்றுவரை எதுவும் விழவில்லை, என் பையையும் யாரும் திறப்பதில்லை, பொம்மை மட்டும் மாதா மாதம் ஒன்று குறைந்துகொண்டுதான் இருக்கிறது.