மைசூருக்கு ஒரு பை ஆவாரம்பூ

1996, மாசி மாதம், திங்கட்கிழமை. காலை ஆறு நாற்பதுக்குக் கொள்ளேகாலில் மைசூர் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினாறு ரூபாய். மடியில் ஒரு பை காய்ந்த ஆவாரம்பூ.

மைசூரில் கொத்தனாராக இருக்கும் என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய். மூன்று வருடமாக இந்தப் பூவைப் பறித்து, நிழலில் உலர்த்தி, அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது நான்தான். இந்த முறை நானே போகக் காரணம் அண்ணியின் போன். காலில் புண் ஒரு மாதமாக ஆறவில்லை, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார் என்று அழுதார்.

வழியை அழகாக எழுத எனக்கு வராது. கரும்பு, நெல், மறுபடி கரும்பு. நரசிபுரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பாலத்தில் எல்லோரும் ஆற்றைக் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹனூர்க்கார அம்மா பையை மோந்து பார்த்தார்.

"ஆவாரம்பூங்களா? நல்லதுங்க. ஒடம்புச் சூடு போகும், நீர்க்கடுப்பு நிக்கும், தோலு மினுங்கும். எங்க மாமியா இதக் குடிச்சேதான் எம்பது வயசு வரைக்கும் என்னைய வஞ்சுட்டு இருந்தாங்க."

"வையறதுக்குப் பூ எதுக்குங்க?" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதில் தப்பில்லை. சூட்டுக்கும் தாகத்துக்கும் எங்கள் பக்கம் காலம் காலமாகக் குடிப்பதுதான். ஒரு கைப்பிடிப் பூ, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிட வேண்டும். சர்க்கரைக்கும் கேட்கும் என்பார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் அண்ணனுக்குச் சொன்னேன்.

ஒன்பது பத்துக்கு மைசூர். ஆட்டோ பிடிக்கத் தேவராஜ மொஹல்லா வழியாக நடந்தேன். ஒரு நாட்டு மருந்துக் கடையில் இதே பூ குவித்து வைத்திருந்தது. நூறு கிராம் எட்டு ரூபாய். நின்று பார்த்ததும் கடைக்காரர் ஆரம்பித்தார்.

"சக்கரை நோய்க்கு நம்பர் ஒன் அம்மா. இது குடிச்சா மாத்ரெ ஏனூ பேடா."

மாத்திரையே வேண்டாமாம். "நீங்க டாக்டருக்குப் படிச்சீங்களா?" என்றேன். "தகோள்ளி இல்லாந்த்ரெ ஹோகி," என்றார். வாங்கு, இல்லாவிட்டால் போ. போனேன்.

பத்து மணிக்கு வீடு. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. வாசலிலேயே நாறியது.

"வா அம்மிணி. பூ கொண்டாந்தியா?"

"மாத்திரை எங்கண்ணா?"

"தீவாளியோட நிறுத்திட்டேன். உன்ற பூவு இருக்கறப்ப அது எதுக்கு? தெனம் அஞ்சு வேளை குடிக்கறேனே."

அண்ணி டம்ளரில் கஷாயம் கொண்டுவந்தார். அதில் எலுமிச்சம்பழம் அளவு வெல்லத்தை நசுக்கிப் போட்டுக் கலக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இது என்ன அண்ணி?"

"வெல்லம். அவுரு சர்க்கரையத் தொடறதே இல்ல. டீயைக்கூட விட்டுட்டாரு."

ஒரு நாளைக்கு ஐந்து உருண்டை. திட்டினேன். தெருவே கேட்கும்படி திட்டினேன். ஆனால் எங்கள் வீட்டில் கஷாயம் என்றாலே வெல்லம் தட்டிப் போடுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் குடிக்கிறேன். பூவை அனுப்பியபோது வெல்லம் போடாதே, மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"நீதான குடிக்கச் சொன்ன?" என்றார் அண்ணன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டான், கொடுத்தேன். டாக்டருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. துணியைப் பிரித்தார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. கறுப்பு பாதத்துக்கு ஏறியிருந்தது.

"வெல்லமும் சக்கரேதான், யஜமான்ரே. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

இரண்டு நாள் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். புதன்கிழமை காலை டாக்டர் பேனாவோடு வந்து, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையில் ஒரு கோடு போட்டார். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரு, கோடு கோணலா இருக்குது. நாங்க செவுத்துல இப்படிப் போட்டா மேஸ்திரி ஒதைப்பாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அழித்துவிட்டு மறுபடி போட்டார். இந்த முறை நேராக இருந்தது. அதே உயரம்தான்.

வியாழன் மாலை நாலு மணிக்கு நான் பஸ் ஏறினேன். காலை எடுத்த ஆபரேஷன் முடிந்து அண்ணன் கண் விழித்துவிட்டார். கொள்ளேகாலிலிருந்து மைசூர் அறுபது சொச்சம் கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மூன்று வருடமாகப் பூ மட்டும் வந்துபோன அந்த வழியில், அவர் அதை எப்படிக் குடிக்கிறார் என்று பார்க்க நான் ஒரு தடவைகூட வரவில்லை.